வற்றிய கண்மாயில் இரண்டடுக்கு மாதிரி ராக்கெட் விடலாமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார். கல்லூரிப் பயிலரங்கில் ஓரடுக்கு மாதிரி ராக்கெட் செய்து விட்டுப் பழகிவிட்டார், இனி இரண்டடுக்கு செய்ய ஆசை. அப்பத்தா ஊரில் கண்மாய் வற்றிக் கிடக்கிறது, அங்கே விடலாமா? மேலடுக்குக்குத் தீபாவளி ராக்கெட்டையே பொருத்தலாமா? அப்படியே மூன்றடுக்குக்கும் போகலாமா?

தம்பி, கண்மாயில் விடலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. தீபாவளி ராக்கெட் கூடவே கூடாது. மூன்றடுக்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஓரடுக்கு ராக்கெட்டில் உந்துவிசை முழுவதும் முதல் இரண்டு நொடிக்குள் தீர்ந்துவிடும். கோணலாகப் போனாலும் தரைக்குப் பக்கத்தில், நம் கண்ணெதிரேதான் கோணும். இரண்டடுக்கில் கீழ் மோட்டார், அதாவது மருந்து அடைத்த உந்துகுழல், தீர்ந்து, ராக்கெட் நல்ல உயரத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு மோட்டார் புதிதாகப் பற்றுகிறது. அந்த நொடியில் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் மேலடுக்கு பாயும். வானத்தைப் பார்த்திருந்தால் வானத்துக்கு, ஊரைப் பார்த்திருந்தால் ஊருக்கு. இனி நான் சொல்லப்போகும் எடை, சிறகு, காற்று, நேரம் எல்லாம் அந்த ஒரு நொடியில் மூக்கு மேலே பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பெரிய ராக்கெட்டுகளுக்கும் அடுக்கு மாறும் இடம்தான் கண்டம். 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதலில் கிளம்பிய நைக்-அப்பாச்சியே இரண்டடுக்குதான். நம் பக்கத்து ராமேஸ்வரத்துக்காரர் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 நான்கடுக்கு. 1979 ஆகஸ்ட் 10-இல் அதன் முதல் ஏவலில் முதலடுக்கு ஒழுங்காக வேலை செய்தது, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறாகி ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தார்கள். அவர்களிடம் ராக்கெட்டைத் திருப்பி நிறுத்தும் கருவிகள் இருந்தன. நம்மிடம் இருப்பவை ஒட்டவைத்த நான்கு சிறகுகள் மட்டும். கிளம்பிய பிறகு நாம் திருத்த எதுவும் இல்லை.

மோட்டாரிலிருந்து தொடங்குவோம். மாதிரி ராக்கெட் மோட்டாரின் மேல் சி6-7 என்று எழுதியிருந்தால், எழுத்து மொத்த உந்துவிசையைக் குறிக்கும். ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி, பி 5, சி 10, டி 20 என்று ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பாகும். நடு எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்த பிறகு எத்தனை நொடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்கும் என்பது. கீழடுக்குக்குக் கடைசி எண் பூஜ்யமாக உள்ள மோட்டார்தான் போட வேண்டும்: பி6-0, சி6-0, டி12-0. இவற்றில் தாமத மருந்தும் கிடையாது, தள்ளும் மருந்தும் கிடையாது. கருமருந்து மேல்முனை வரை எரிந்து முடியும்போது நெருப்புத் துகள்களும் சூடான வாயுவும் முன்பக்கமாகப் பீறிட்டு, மேல் மோட்டாரின் வாய்க்குள் புகுந்து அதைப் பற்ற வைக்கும். திரி இல்லை, மின்சுற்று இல்லை. மேலடுக்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் என்பதால் அதற்கு நீண்ட தாமதம் தேவை, ஏ8-5, சி6-7 மாதிரி. சி6-3 போட்டால் உச்சிக்குப் போகும் முன்பே பாராசூட் விரிந்து கிழியும்.

இந்த விளக்கத்திலேயே தீபாவளி ராக்கெட்டுக்கான பதிலும் இருக்கிறது. அந்த வாணம் ஒன்றுக்கொன்று ஒரே மாதிரி எரிய வேண்டும் என்று செய்யப்பட்டதல்ல, அழகாகப் போய் வெடிக்க வேண்டும் என்று செய்யப்பட்டது. திரி எரியும் நேரம் மாறும், உந்துவிசை மாறும், தலையில் வெடி இருக்கும், நேராகப் போவதே அந்தக் குச்சியின் தயவில். குச்சியை எடுத்துவிட்டு அட்டைக் குழாய்க்குள் வைத்தால் எங்கே போகும் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. மருந்தைப் பிரித்தெடுத்து நாமே இடிப்பது இன்னும் மோசம். உராய்விலும் நிலைமின்சாரத்திலும் பற்றக்கூடிய மருந்து அது. அனுபவப்பட்ட தொழிலாளிகளே விரலையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். இதில் நடுவழி ஏதும் இல்லை, தம்பி. ஆலையில் செய்து, சோதித்து, எண் அச்சிட்ட மோட்டார் கிடைத்தால் பறக்கவிடுங்கள், கிடைக்காவிட்டால் கணினியில் வடிவமைத்துக்கொண்டு காத்திருங்கள்.

அடுத்தது நிலைத்தன்மை. ஈர்ப்பு மையம் (எடை சமனாகும் புள்ளி) முன்னாலும் அழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) பின்னாலும், இடையில் குறைந்தது ஒரு குழாய் விட்ட அளவும் இருக்க வேண்டும் என்பது நீங்கள் படித்ததுதான். இரண்டடுக்கில் இதை மூன்று தடவை பார்க்க வேண்டும். முதலில் இரண்டு மோட்டாரும் ஏற்றிய முழு ராக்கெட். வாலில் இன்னொரு மோட்டார் உட்காருவதால் ஈர்ப்பு மையம் பின்னால் இறங்கிவிடும், அதை ஈடுகட்டக் கீழடுக்கின் சிறகுகள் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாவது, மேலடுக்கு தனியாக, தன் மோட்டாரோடு. மூன்றாவது, எரிந்து முடிந்த கீழடுக்கு தனியாக. இது மட்டும் நிலையில்லாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் குட்டிக்கரணம் அடித்து மெதுவாக விழும். நேராக நின்றால் அம்பு மாதிரி தரையில் குத்தும். நாசாவில் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் பேரோமன் 1960-களில் இந்த அழுத்த மையக் கணக்கை எளிய சூத்திரங்களாக்கிக் கொடுத்தார். இன்று ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அதே கணக்கு இருக்கிறது. மென்பொருள் தானாகப் போடும் எடையை மட்டும் நம்பாதீர்கள். பெயின்ட், ஃபெவிகால், வாலில் அப்பிய எம்-சீல் எல்லாம் சேர்ந்த பிறகு சமையலறை டிஜிட்டல் தராசில் ஒவ்வொரு துண்டையும் நிறுத்து அந்த எடையைப் போடுங்கள். எம்-சீலை வாலில் தாராளமாகப் பூசுவது நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம். சிறகு உறுதியாக ஒட்டும், ஆனால் ஈர்ப்பு மையம் பின்னுக்கு வந்துவிடும்.

ஏவும்போது ராக்கெட்டை நேராகப் பிடித்திருக்கும் கம்பியை விட்டு அது வெளியேறும்போது நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே சிறகுகளுக்குப் பிடிப்பு இல்லை. மொத்த எடையைப் போல ஐந்து மடங்காவது உந்துவிசை இருக்கட்டும் என்பது நல்ல கணக்கு. டி12-இன் சராசரி 12 நியூட்டன், அப்படியானால் முழு ராக்கெட் 240 கிராமுக்கு மேல் போகக் கூடாது. நானாக இருந்தால் 200-இல் நிறுத்துவேன். பி6 என்றால் 120 கிராம்தான் எல்லை. ஓரடுக்குக்குப் போதுமான மோட்டார் இரண்டடுக்கைத் தூக்கத் திணறும். திணறிக் கிளம்பும் ராக்கெட் சாயும், சாய்ந்த பிறகு மேல் மோட்டார் பற்றும். கீழே பலமான மோட்டார், மேலே சிறியது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் ஊரில் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ராக்கெட் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கம்பியை விட்டுக் கிளம்புகிறது, பக்கக் காற்று நொடிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். சிறகுகளின் மேல் காற்று நேர் முன்னாலிருந்து வராது, சுமார் 18 பாகை சாய்ந்து வரும். நிலைத்தன்மை உள்ள ராக்கெட் என்பதாலேயே அது காற்று வரும் பக்கம் தலையைத் திருப்பும். கீழடுக்குச் சிறகுகள் பெரிதானால் இன்னும் விசையாகத் திருப்பும். கீழ் மோட்டார் எரியும் ஒன்றரை, இரண்டு நொடிக்குள் அந்தச் சாய்வு புவியீர்ப்பால் இன்னும் வளரும். பிறகு மேலடுக்கு பற்றுகிறது. இதே காற்று நொடிக்கு 3 மீட்டருக்குள் இருந்தால் தொடக்கச் சாய்வு 11 பாகைதான். அமெரிக்க தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் காற்று வரை அனுமதிக்கிறது. அது எல்லா மாதிரி ராக்கெட்டுக்கும் பொதுவான உச்ச வரம்பு. இரண்டடுக்குக்கு மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டினால் பெட்டியை மூடிவிடுங்கள் என்பேன்.

ஆடியில் இதை நினைக்கவே வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், 120 கிராம் அட்டைக் குழாய் எந்த மூலைக்கு? தை கழிந்து மாசி, பங்குனியில், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நம் பொட்டலில் காற்று பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வெயில் ஏற ஏறச் செம்மண் சூடாகிச் சூறைக்காற்று சுழலத் தொடங்கும். ஒன்பது மணிக்கு மேல் இரண்டடுக்கு வேண்டாம். கரையில் இருக்கும் பனை ஓலை சலசலத்தால் தரையில் காற்று இல்லாவிட்டாலும் மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு மோட்டாரையும் இணைப்பதில் இரண்டு வழி உண்டு. சிறிய ராக்கெட்டில் கீழ் மோட்டாரின் தலையும் மேல் மோட்டாரின் வாயும் ஒட்டி உட்காரும்படி வைத்து, சந்திப்பில் செலோ டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். நெருப்பு மேலே போய்ச் சேரும் வரை அந்த டேப் பிடித்து வைத்திருக்கும், பிறகு அழுத்தத்தில் விட்டுவிடும். டேப் இல்லாவிட்டால் முதல் அழுத்தத்திலேயே அடுக்குகள் பிரிந்துவிடும், மேல் மோட்டார் பற்றாது. கீழடுக்கு நீளமாக இருந்து இரண்டு மோட்டாருக்கும் இடையே வெற்றுக் குழாய் இருந்தால் அதற்குள் இருக்கும் குளிர்ந்த காற்றுதான் எதிரி. கீழிருந்து பீறிடும் வாயு அந்தக் காற்றை மேலே நெருக்கும், நெருப்பு போய்ச் சேரும் முன்பே அழுத்தம் அடுக்குகளைப் பிரித்துவிடும். அதனால் மேல் மோட்டாருக்குச் சற்றுக் கீழே, காகிதம் துளைக்கும் கருவி போடும் அளவில், குழாயில் எதிரெதிராக இரண்டு ஓட்டை போட வேண்டும். காற்று அதில் வெளியேறிவிடும், நெருப்பு நேராக மேலே போகும். முதல் இரண்டடுக்குக்கு ஒட்டிவைக்கும் முறையையே எடுங்கள். எந்த முறையானாலும் கீழ் மோட்டார் தன் குழாயில் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அடுக்குகளின் இணைப்பு மட்டும், மேலடுக்கைப் பிடித்துத் தூக்கினால் கீழடுக்கு கூடவே வர வேண்டும், லேசாக உதறினால் கழன்றுவிட வேண்டும்.

கருமருந்து இல்லாத கலவை எரிபொருள் மோட்டார்களில் இந்த வித்தை நடக்காது. அவை உள்ளே இருந்து பற்றுபவை. மேலடுக்கில் பேட்டரி, உயரமானி, இக்னைட்டர் வைத்து மின்சாரத்தால் பற்ற வைக்க வேண்டும். இதுவரை ஓரடுக்கே விட்டிருக்கிற நீங்கள் இப்போது அங்கே போக வேண்டாம். போகும் நாளில் இரண்டு பூட்டுகள் உள்ள கருவியாகப் பாருங்கள். குறித்த நொடிக்குள் குறித்த உயரத்தை எட்டாவிட்டால் பற்ற வைக்கக் கூடாது, செங்குத்திலிருந்து குறித்த பாகைக்கு மேல் சாய்ந்திருந்தாலும் பற்ற வைக்கக் கூடாது. ராக்கெட் கம்பியில் ஏறிச் செங்குத்தாக நின்ற பிறகே அந்தக் கருவியை இயக்க வேண்டும். ஏவல் தவறினால் முதலில் அதை அணைத்த பிறகுதான் மற்ற வேலை.

மேல் மோட்டார் பற்றாமல் போனால் என்ன ஆகும் என்று உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் அதைத்தான் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும். பாராசூட்டைத் தள்ளும் மருந்து மேல் மோட்டாருக்குள் இருக்கிறது. அது பற்றவில்லையானால் பாராசூட்டும் இல்லை. மூக்கு கீழே, முழு மோட்டாரும் உள்ளே, அப்படியே வந்து குத்தும். அதனால் கவுன்ட்-டவுனை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள். யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, போனில் படம் பிடிப்பவரும் திரையைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கட்டும். அடுக்கு மாறுகிறதா என்று கவனித்து உரக்கச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். குத்தி விழுந்த மேலடுக்கை உடனே போய் எடுக்காதீர்கள், உள்ளே மோட்டார் உயிரோடு இருக்கலாம்.

ஏவுவது மின்சாரத்தால் மட்டும். சாவியைப் பிடுங்கினால் சுற்று அறுந்துவிடும் பெட்டி, விரலை எடுத்தால் தானாக அணையும் பொத்தான். டி வரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி என்பது அந்த அமெரிக்க விதி சொல்லும் தூரம். இரண்டடுக்குக்கு எப்போதும் 30 அடி எடுங்கள், பார்வையாளர்களை அதைவிட நன்றாகப் பின்னால், காற்று வரும் பக்கமும் இல்லாமல் போகும் பக்கமும் இல்லாமல் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லையா, சாவியை எடுத்துவிட்டு 60 நொடி நில்லுங்கள்.

இனி கண்மாய். அதே விதிப்படி மைதானத்தின் அளவை மொத்த உந்துவிசை தீர்மானிக்கிறது, இரண்டு மோட்டாரையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பி6-0, ஏ8-5 சேர்ந்தால் சி வகுப்பு, மைதானத்தின் குறுகிய பக்கம் 400 அடி இருக்க வேண்டும். சி6-0, சி6-7 என்றால் டி வகுப்பு, 500 அடி. டி12-0 மேல் சி6-7 வைத்தால் ஈ வகுப்புக்குப் போய்விடும், 1000 அடி, அதாவது 300 மீட்டர் சொச்சம். கரைக்குக் கரை கூகுள் வரைபடத்தில் அளந்து பாருங்கள், சின்னக் கண்மாய்கள் பல இதில் தேறாது. 300 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாராசூட்டில் இறங்க 75 நொடி ஆகும். நொடிக்கு 3 மீட்டர் காற்றில் அதற்குள் 225 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். மேலடுக்குக்குப் பாராசூட்டை விட நீளமான ரிப்பன் நல்லது.

வற்றிய கண்மாயில் எனக்குப் பெரிய பயம் தீதான். காய்ந்த கோரை, சீமைக்கருவேலச் சருகு, கரைக்கு அந்தப் பக்கம் வைக்கோல் போர். எரிந்து முடிந்த கீழடுக்கு மோட்டாரின் கூடு சூட்டோடு விழுகிறது. ஏவுமிடத்தைச் சுற்றிச் செதுக்கித் தண்ணீர் தெளித்து, கீழே இரும்புத் தகடு வையுங்கள். நாலைந்து குடம் தண்ணீரும் நனைத்த சாக்கும் தயாராக இருக்கட்டும். கீழடுக்கு விழும் இடத்துக்கு ஓட ஒருவர், மேலடுக்குக்கு ஒருவர் என்று முன்பே பிரித்துவிடுங்கள். மேய்ச்சல் மாடு, ஆடு இருந்தால் அன்றைக்கு இல்லை. மின்கம்பியில் சிக்கிக்கொண்டால் தொரட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போனது போகட்டும், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

நம் வெயிலில் இன்னொன்று. கருமருந்து மோட்டார் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கினால் உள்ளே விரிசல் விழும், அல்லது கூட்டிலிருந்து மருந்து விலகும். பற்ற வைத்ததும் ஒரே நேரத்தில் எரிந்து வெடித்துவிடும். சித்திரை மத்தியானத்தில் கார் டிக்கியில் கிடந்த மோட்டாரை இரண்டடுக்கில் போடவே போடாதீர்கள்.

இடத் தேர்வில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். பறவைகளுக்காக அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வேண்டாம். செட்டிநாட்டுப் பழைய விமான ஓடுதளம் தோதாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அரசு நிலம் அது, எழுத்தில் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். உங்கள் கண்மாயும் நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று விசாரித்து அங்கே அனுமதி கேளுங்கள்.

சட்டப்படி இந்த மோட்டார் வெடிபொருள். 1884-ஆம் ஆண்டுச் சட்டமும் 2008 வெடிபொருள் விதிகளும் இருக்கின்றன, நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ என்ற மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அதைக் கவனிக்கிறது. தனி ஆளாக வாங்கி வீட்டில் வைக்க முயலாதீர்கள். கல்லூரி வழியாகப் போங்கள். துறைத் தலைவர் கையெழுத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நாள், நேரம், இடம், எதிர்பார்க்கும் உயரம் எழுதிக் கொடுங்கள், வான்வெளி அனுமதிக்கு யாரைக் கேட்பது என்பதையும் அங்கேயே எழுத்தில் கேளுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம், மதுரையிலும் திருச்சியிலும் விமான நிலையம், நம் வானம் ஒன்றும் காலி இல்லை. மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சேர்ந்த இன்-ஸ்பேஸ் அமைப்பு மாணவர்களுக்கு மாதிரி ராக்கெட் போட்டி நடத்துகிறது, கல்லூரி அணியாக அதில் சேர்ந்தால் அனுபவசாலிகளின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். அதுவரை கை சும்மா இருக்காது என்றால் தண்ணீர் ராக்கெட்டில் இரண்டடுக்கு செய்து பாருங்கள். கீழ் பாட்டிலில் அழுத்தம் குறைந்ததும் மேல் பாட்டிலை விடுவிக்கும் வால்வை நீங்களே வடிவமைக்க வேண்டும், அது லேசான வேலை இல்லை. மருந்து இல்லை என்றாலும் அழுத்தம் ஏற்றிய பாட்டிலின் பக்கத்தில் போகக் கூடாது, தூரத்திலிருந்து கயிற்றால் விடுவியுங்கள்.

மூன்றடுக்கு கேட்டீர்கள். ஓர் இணைப்பு பத்துக்கு ஒன்பது முறை சரியாக வேலை செய்கிறது என்றால், இரண்டு இணைப்பும் சேர்ந்து சரியாக வேலை செய்வது நூற்றுக்கு 81 முறைதான். வாலில் மூன்றாவது மோட்டாரின் எடை, அதற்கு இன்னும் பெரிய சிறகு, அதனால் காற்றுக்கு இன்னும் திரும்பும் ராக்கெட். மேல் மோட்டார் பற்றும் நேரத்தில் சாய்வு வளர இரண்டு மடங்கு அவகாசம் வேறு. பி6-0, ஏ8-5 ஜோடியில் தொடங்குங்கள், பிறகு சி6-0, சி6-7. ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்து வீடியோ எடுத்து, அடுக்கு மாறும் நொடியில் ராக்கெட் செங்குத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளந்து குறித்துவையுங்கள். தொடர்ந்து 10 பாகைக்குள் வருகிறது என்றால் அந்தக் குறிப்பையும் ஓப்பன்ராக்கெட் கோப்பையும் எனக்கு அனுப்புங்கள், மூன்றாவது அடுக்கின் சிறகு அளவைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.